குதிரை போட்ட பவுனும் நான் தேடிய கடைக்காரரும்

என் பாட்டியின் காசுமாலையை நான் பார்த்ததில்லை. பெரிய மாமா கல்லூரிக்குப் போன வருடம் கிள்ளானில் ஓர் அடகுக்கடைக்குள் போன மாலை, திரும்பி வரவே இல்லை. அறுந்து விழுந்ததால் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு காசு மட்டும் மிஞ்சியது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணி. மறுபக்கம் குதிரையேறிய வீரர் பாம்பைக் குத்துகிறார். அது பாம்பு இல்லை, டிராகன் என்று பின்னால்தான் தெரிந்தது. செராஸில் எங்கள் வீட்டு அலமாரியில், ஒரு மாத்திரை டப்பாவுக்குள் அது இருக்கிறது.

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அந்தக் காசுக்கு ஒரு ஜோடி வாங்கித் தரலாம் என்று நினைத்தேன். நினைப்பது சுலபமாக இருந்தது.

நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘பவுன்’, ‘சவரன்’ இரண்டுமே இந்தக் காசிலிருந்து வந்தவைதான். பவுண்ட் பவுனாயிற்று, ஸோவரின் சவரனாயிற்று. நாம் 8 கிராம் என்று கணக்கு வைக்கிறோம். உண்மையான எடை 7.98 கிராம். 22 காரட் என்பதால் அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். 1906இல் நீரிணைக் குடியேற்றங்களின் 60 டாலருக்கு 7 பவுண்ட் என்று விகிதம் வைத்தார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு பவுன் காசு எட்டரை டாலர் சொச்சம். இன்று அந்தப் பணத்தில் ஒரு நாசி லெமாக்கும் தேத்தாரேயும் கிடைக்கும்.

பழைய காசு வாங்குவதென்றால் தரமதிப்பீடு செய்ததாக வாங்கு என்றார் ஒரு நண்பர். அமெரிக்காவில் 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி என்ற இரண்டு நிறுவனங்கள் இதில் பெயர் பெற்றவை. காசை வாங்கிப் பார்த்து, அசலா என்று சோதித்து, 70 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் போட்டு, ஓர் எண்ணோடு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடித் தருவார்கள். அந்த எண்ணை அவர்களின் இணையத்தளத்தில் தட்டினால் விவரம் வரும்.

எண்ணைத் தட்டினேன். விவரமும் வந்தது. முகநூலில் விற்றவர் சொன்ன அதே வருடம், அதே மதிப்பெண். 500 ரிங்கிட் முன்பணம் அனுப்பிவிட்டேன். அன்றிரவு பணி முடிந்து வந்து, தளத்தில் இருந்த படத்தையும் அவர் அனுப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தளத்துப் படத்தில் அரசரின் கழுத்தில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. இவர் காசில் அது இல்லை. எண் அசல், அதை நகலெடுத்து ஒட்டிய பெட்டி போலி. கேட்டேன். பதிலில்லை, கணக்கே முடக்கம். தினமும் காலையில் மைக் முன்னால் உட்கார்ந்து “மோசடிக்காரர்களிடம் ஏமாந்துவிடாதீர்கள், நேயர்களே” என்று சொல்பவள் நான். இதை இதுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. இன்று படித்துத் தெரிந்துகொள்வார்.

சரி, பெட்டி வேண்டாம், வெறும் காசை வாங்கி, தெரிந்த நகைக்கடையில் மெஷினில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. 1930களில் பவுன் காசு அச்சடிப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. வாங்க ஆள் நிற்கவில்லை. தங்க விலையைவிடக் காசின் விலை அதிகமாக இருந்ததால் பெய்ரூட்டிலும் இத்தாலியிலும் ஆட்கள் நல்ல தங்கத்தையே உருக்கிப் போலிக் காசு அடித்தார்கள். பிரிட்டிஷ் நாணயச்சாலை 1957இல் மீண்டும் அச்சடிக்க இறங்கியதற்கு இந்தப் போலிகளும் ஒரு காரணம். அப்படிப்பட்ட காசை மெஷினில் வைத்தால் 22 காரட் என்றுதான் காட்டும். தங்கம் பொய் சொல்லாது, காசு பொய் சொல்லும். ஆக, எங்கே சுற்றினாலும் விற்பவர் யார் என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தைக்கும், வேறு சில கடைகளுக்கும் அலைந்தேன். எல்லாரிடமும் ஒரே கேள்வி: “இதை நாளைக்கே திருப்பிக் கொண்டுவந்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?” ஒருவர் சிரித்துப் பேச்சை மாற்றினார். இன்னொருவர், காசை அவரிடமே விட்டு வைத்தால் மாதாமாதம் லாபம் தருவதாகச் சொன்னார். 2012 அக்டோபரில் ஜெனிவா மலேசியா நிறுவனத்தில் பேங்க் நெகாரா சோதனை நடத்தியது ஞாபகம் வந்தது. சந்தை விலைக்கு மேல் கொடுத்துத் தங்கம் வாங்கி, மாதத் தொகைக்குக் காத்திருந்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாமவர் ஒரு வயதான சீன அங்கிள். பாட்டியின் காசைக் காட்டி, இதைத் தரமதிப்பீட்டுக்கு அனுப்பித் தருவீர்களா என்று கேட்டேன். பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: “அடேக், அனுப்பாதே. மேலே வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கிறது. தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் இருக்கிறார்கள். மதிப்பெண் தரமாட்டார்கள், பழுது என்று எழுதி அனுப்புவார்கள். கட்டணம்தான் வீண்.” அனுப்பியிருந்தால் அவருக்கும் ஏதோ கிடைத்திருக்கும். எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

மீதிப் பாதி கணக்கில் வந்தது. பேங்க் நெகாரா தினமும் வெளியிடும் கிஜாங் எமாஸ் விலையில், ஓர் அவுன்ஸ் விலையை 31.1ஆல் வகுத்தால் கிராம் விலை ஏறக்குறையத் தெரியும். அதை 7.32ஆல் பெருக்கினால் ஒரு பவுன் காசிலுள்ள தங்கத்தின் விலை. கிராம் 500 ரிங்கிட் என்று வைத்தால் 3,660. அதற்கு மேல் கேட்பதெல்லாம் பழமைக்கும் தரத்துக்கும். அங்கிள் அந்த மேல்தொகையைத் தனியாக எழுதிக் காட்டினார். திருப்பி எடுத்தால் அதில் எவ்வளவு குறைப்பார் என்பதையும் பக்கத்திலேயே எழுதினார். நான் தளத்துப் படத்தோடு ஒப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். ரசீதில் வருடம், நாணயச்சாலை, பெட்டி எண், கடையின் பதிவு எண், போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் திரும்பும் என்ற வரி எல்லாம் இருந்தன.

ரசீதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படாதீர்கள். கடையில் வாங்கிய பொருளில் தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, மூன்று வருடத்துக்குள், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். ரசீது இல்லாமல் அங்கே போய் எதைக் காட்டுவது?

நான் வாங்கியது 1918ஆம் வருடத்துக் காசு. பம்பாயில் அடித்தது. அந்த ஒரே வருடம்தான் அங்கே பவுன் காசு அடித்தார்கள், ஏறக்குறைய 13 லட்சம். குதிரையின் காலுக்குக் கீழே தரையில் இந்தியாவைக் குறிக்கும் ஆங்கில ‘ஐ’ எழுத்து பொடியாக இருக்கும். விக்டோரியாவுக்கு ஜோடியாக ஐந்தாம் ஜார்ஜ். பாட்டிக்குப் பேரன் முறை வருமாம், அதனால் பொருத்தம்தான்.

பிறந்தநாளன்று அம்மா பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மாத்திரை டப்பாவைத் திறந்து பாட்டியின் காசையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“எல்லாம் சரிம்மா. பிளாஸ்டிக்குள்ள பூட்டி வச்சிருக்காங்களே, இதை எப்படிக் கழுத்துல போடுறது?”