காகிதத்தைச் சுடும் காலம்

ஐம்பது வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் ஏர்கன் இருக்கும் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். மிராசுதார் வீடாக இருக்கும், எஸ்டேட் மேனேஜர் பங்களாவாக இருக்கும், இல்லாவிட்டால் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அதிகாரி வீடு. கூடத்துச் சுவரில் மான்கொம்புக்குக் கீழே அது தொங்கும். டயானா, பி.எஸ்.ஏ. என்று சீமைப் பெயரைச் சொல்லும்போது வீட்டுக்காரர் குரலில் ஒரு மிடுக்கு ஏறும். கோடை விடுமுறைக்கு வந்த பேரன்கள் அதைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு தோப்புக்குள் போவார்கள். மாலையில் திரும்பும்போது கையில் இரண்டு மணிப்புறாவோ ஓர் அணிலோ இருக்கும். யாரும் கண்டிக்கவில்லை. ஏர்கன் என்றால் அதற்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இந்தியாவின் பெரிய பறவையியலாளர் ஒருவரின் பயணமே ஏர்கன் குண்டு ஒன்றிலிருந்து தொடங்கியதாகச் சொல்லலாம். மும்பையில் மாமா அமீருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்த சலீம் அலி, சிறுவனாக இருந்தபோது தன் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு. இது என்ன குருவி என்ற சந்தேகம் வர, மாமா அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். 1985-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலுக்கு சலீம் அலி வைத்த பெயரே அந்தக் குருவியின் வீழ்ச்சியைச் சொல்வதுதான். எல்லாப் பையன்களும் சலீம் அலி ஆகிவிடவில்லை என்பது வேறு விஷயம். பெரும்பாலோர் சுட்டார்கள், அவ்வளவுதான்.

காசில்லாதவர்களுக்குப் பொருட்காட்சியும் மெரினாவும் இருந்தன. பலகையில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், வளைந்த குறியுள்ள பழைய துப்பாக்கி, எண்ணிக் கொடுக்கும் குண்டுகள். குறி வைத்த பலூன் நிற்கும், பக்கத்துப் பலூன் வெடிக்கும். இன்றும் மணலில் அந்தக் கடைகள் இருக்கின்றன. இந்த விளையாட்டில் அதிகம் மாறாத பகுதி அதுதான்.

மற்றதெல்லாம் மாறிவிட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோப்பில் இஷ்டத்துக்குப் புறாவைச் சுடுவதற்குச் சட்டம் தடை போட்டது என்றாலும் ஊர்ப்பக்கம் அந்தச் செய்தி வந்து சேர வெகுகாலம் பிடித்தது. காக்கை மட்டும் எலி, பழந்தின்னி வௌவால் இவற்றோடு தொல்லை தரும் உயிர்கள் பட்டியலில் இருந்ததால் சுடுகிறவர்களுக்கு ஒரு சாக்கு மிச்சமிருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கியது. இதற்கு முந்தைய வருடம், மார்ச் 2021-இல், அருணாசலப் பிரதேசத்தில் ஏர்கன்களை ஒப்படைக்கச் சொல்லி ஓர் இயக்கம் தொடங்கினார்கள். வேட்டையை வாழ்க்கையாகவே கொண்டிருந்த மலைக்கிராமங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏர்கன்களை மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள். பறவைச் சத்தம் இல்லாமல் போன காடுகளை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

பறவையை விட்ட ஏர்கன் எங்கே போனது? காகிதத்துக்குப் போனது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் ரைபிள் முதன்முதலாகப் பதக்கப் போட்டியானது. நம் வீடுகளில் அது தெரியவந்தது 2008 ஆகஸ்டில், பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற அன்றுதான். கடைசிக் குண்டில் 10.8 எடுத்தார். தனிநபர் விளையாட்டில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் ஏர் ரைபிளில் வந்தது. நான்கு வருடம் கழித்து லண்டனில் ககன் நாரங் அதே போட்டியில் வெண்கலம் எடுத்தார்.

அந்தப் போட்டியின் இலக்கு அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் சங்கதி புரியும். அட்டையில் வளையங்கள் எல்லாம் சேர்த்தே 45.5 மில்லிமீட்டர் குறுக்களவு. நடுவில் இருக்கும் பத்து என்பது வளையமே இல்லை, அரை மில்லிமீட்டர் புள்ளி. சுடும் குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். குண்டைவிட ஒன்பது மடங்கு சின்ன புள்ளியை, பத்து மீட்டர் தள்ளி நின்று, எதிலும் சாயாமல், அறுபது முறை தேட வேண்டும். அதற்கு எழுபத்தைந்து நிமிடம். முன்பெல்லாம் அட்டையைக் கயிற்றில் மாட்டி உருட்டி அனுப்பி, திரும்ப வரவழைத்து, துளைக்குள் அளவுகோல் செருகி மார்க் போட்டார்கள். இப்போது பெரிய ரேஞ்சுகளில் குண்டு பட்ட மறுநொடி பக்கத்துத் திரையில் தசமப் புள்ளியோடு எண் வந்துவிடுகிறது. சின்ன கிளப்புகளில் இன்னும் காகிதம்தான். கற்றுக்கொள்கிறவனுக்குக் காகிதமே நல்லது என்பது என் கட்சி. துளைகள் எந்தப் பக்கம் கூடுகின்றன என்று வீட்டுக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

பிந்த்ரா கதையைச் சொன்னால் உடனே ஒரு பேச்சு வரும்: அவருக்கென்ன, பெற்றோர் வீட்டிலேயே சுடுதளம் கட்டிக் கொடுத்தார்கள். உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அப்படி வரவில்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நாரங் 2011-இல் புணேயில் தொடங்கிய ‘கன் ஃபார் குளோரி’ பயிற்சி அமைப்பின் வழியாக வந்தவர். 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். சுவரில் தொங்கிய பரம்பரை ஏர்கன் எதுவும் அவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தவில்லை.

இனி காசு விஷயம். அன்று பணம் மட்டும் இருந்தால் போதாது, ஆளும் தெரிய வேண்டும். பெரிய நகரத்தின் ஆயுதக் கடையில் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். பல மாவட்ட ரைபிள் கிளப்புகளுக்குக் கலெக்டரோ எஸ்.பி.யோ தலைவர். உறுப்பினர் பட்டியலில் மில் முதலாளிகளும் தோட்டக்காரர்களும். ஓட்டு வீட்டுப் பையன் அந்த வாசலில் நின்று கேட்கக்கூட யோசிப்பான். இன்று மும்பைப் பக்கத்து பிரிசிஹோல் போன்ற உள்நாட்டுக் கம்பெனிகள் தயாரிக்கும் ஸ்பிரிங் ரைபிள், பத்தாயிரம் ரூபாயை ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோ கிடைத்துவிடுகிறது. சுமாரான செல்போன் விலை. ஒலிம்பிக்கில் பார்க்கும் ஜெர்மன் மேட்ச் ரைபிள் இரண்டு மூன்று லட்சத்துக்குக் குறையாது. அதைப் பார்த்து மலைத்துப் போகிறவர்கள், பத்தாயிரத்தில் தொடங்கலாம் என்பதையே கவனிப்பதில்லை.

கவனிக்கிறவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். கடைக்குப் போனதும் முதல் கேள்வி, “இதுல பவர் எவ்வளவுண்ணே?” பழைய வேட்டைக்காலத்தின் மிச்சம் இது. அந்தக் காலத்துச் சட்டத்திலும் பவர்தான் அளவு: ஓர் அங்குலக் கனமுள்ள மென்மரப் பலகையைக் குண்டு துளைத்து வெளியேறாவிட்டால் லைசென்ஸ் வேண்டாம். 2016 ஆயுத விதிகள் பலகையைக் கைவிட்டு எண்ணுக்கு மாறின. 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழல், 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றல் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. கடைக்காரர் அடையாளச் சான்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்வார், கொடுத்துவிட வேண்டும். ஆனால் ஒலிம்பிக் மேட்ச் ரைபிளின் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? அரை கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு, நொடிக்கு 170, 175 மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் எட்டு ஜூலை ஒட்டித்தான் வரும். சட்டம் அனுமதிக்கும் அளவில் பாதியைக்கூட உலக சாம்பியன்கள் தொடுவதில்லை. காகிதத்தில் ஓட்டை போட அதற்கு மேல் எதற்கு? பவர் கூடக்கூட ஸ்பிரிங் முரடாகும், உதறல் கூடும், குண்டுகள் சிதறும். கையில் காசு குறைவாக இருப்பவர் கேட்க வேண்டியது, இருப்பதில் மென்மையாகச் சுடும் ரைபிள் எது, விசை எவ்வளவு இலகுவாக விழும் என்பதைத்தான்.

ஸ்பிரிங் ரைபிளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. குழலை மடக்கும்போது உள்ளே சுருள்வில் அழுந்துகிறது. விசையைத் தொட்டதும் வில் விடுபட்டு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நெருக்க, காற்று குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதறும், பிஸ்டன் முட்டி நின்றதும் முன்னால் உதறும். இந்த உதறல் குண்டு குழலைவிட்டு வெளியேறுவதற்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே சினிமாவில் பார்த்தபடி இறுக்கிப் பிடித்தால், பிடியின் இறுக்கம் ஒவ்வொரு தடவையும் மாற மாறக் குண்டும் இடம் மாறும். மணல்மூட்டையில் வைத்த மாதிரி, திறந்த உள்ளங்கையில் ரைபிளைக் கிடத்தி, அது தன் இஷ்டத்துக்கு உதறட்டும் என்று விட்டுவிட வேண்டும். சுட்ட பிறகும் ஓரிரு நொடி குறியைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. விலையுயர்ந்த மேட்ச் ரைபிளில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று வேலை செய்வதால் இந்த உதறல் கிடையாது, தவறுகள் ஓரளவு மறைந்துவிடும். ஸ்பிரிங் ரைபிள் எதையும் மறைக்காது. அதில் குண்டுகளை ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கப் பழகியவனுக்கு மற்றது சுலபம்.

எண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஆட்கள் முதலில் கொடுக்கும் யோசனையே “நாலு சொட்டு எண்ணெய் விடு” என்பதுதான். அன்று பிஸ்டன் தலையில் தோல் வாஷர் இருந்தது, காயாமல் இருக்க அதற்கு எண்ணெய் வேண்டும். இன்றைய செயற்கை சீலுக்கு வேண்டாம். அழுந்திச் சூடான காற்றில் எண்ணெய் தீப்பற்றிப் புகையும் சத்தமும் வரும், சீலும் வில்லும் கெடும். குண்டு போடாமல் வெறுமனே சுடுவதும் ஸ்பிரிங் ரைபிளுக்கு ஆகாது. முன்னால் காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் போய் மோதும்.

மெய்யான செலவு குண்டில் இருக்கிறது. பந்தயக் குண்டு 500 அடங்கிய டப்பாவாக வரும், தலை தட்டையாக இருப்பதால் அட்டையில் வட்டமாக வெட்டினாற்போலத் துளை விழும். போட்டிக் கணக்கில் தினம் அறுபது சுட்டால் டப்பா எட்டு நாளில் காலி. இருபதுதான் என்று கட்டுப்படுத்திக்கொண்டு, ஒவ்வொன்றையும் எங்கே போகும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் சுட்டால் இருபத்தைந்து நாள் ஓடும். கற்றுக்கொள்வதும் அதிகம். மிச்ச நேரத்தில் சுடாமல் ரைபிளைத் தூக்கிக் குறியில் நிறுத்திப் பழகலாம். கிளப்புகளில் ‘ஹோல்டிங்’ என்பார்கள். தேசிய அளவில் சுடுகிறவர்களும் மணிக்கணக்கில் செய்வது இதைத்தான். இதற்கு ஒரு பைசா செலவில்லை. குண்டில் மட்டும் மலிவைப் பார்க்கக் கூடாது. பாவாடை போன்ற பின்பகுதி நசுங்கிய மட்டக் குண்டைப் போட்டுவிட்டு ரைபிளைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

மொட்டைமாடியில் சுடலாமா என்று பலர் கேட்கிறார்கள். குறி தவறிய குண்டு சில நூறு மீட்டர் போகும், அடுத்த தெருவில் யார் நிற்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. கண்ணில் பட்டால் கண் போகும். மூடிய இடம், யாரும் நுழைய முடியாத வாசல், மணலோ பழைய துணியோ அடைத்த கனமான மரப்பெட்டி, அதற்குப் பின்னால் சுவர். இவ்வளவும் இருந்தால் மட்டும் வீட்டில் சுடுங்கள். குண்டு ஈயம் என்பதால் முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கல்லிலும் இரும்பிலும் பட்டால் குண்டு திரும்பி வரும், ஆகவே டின் டப்பாவை வைத்துச் சுடும் ஆசையையும் விட்டுவிடலாம்.

இடம் இல்லாதவர்களே அதிகம். அவர்களுக்குத்தான் காலம் பெரிதாக மாறியிருக்கிறது. பத்து மீட்டர் நீளமுள்ள ஓர் அறை போதும் என்பதால் பள்ளிக்கூடத்து ஹாலிலும் வணிகக் கட்டடத்தின் அடித்தளத்திலும் ரேஞ்சுகள் வந்துவிட்டன. சென்னை, கோவை, மதுரை, திருச்சி எங்கும் ரைபிள் கிளப்புகள் உண்டு. பல இடங்களில் கிளப் ரைபிளையே கொடுத்துப் பழக்குகிறார்கள். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ‘ஓபன் சைட்’ என்று ஒரு தனிப் பிரிவே இருக்கிறது. முன்னும் பின்னும் சாதாரணக் குறி மட்டும் உள்ள ரைபிளோடு அதில் நிற்கலாம், லட்ச ரூபாய்த் துப்பாக்கி தேவையில்லை. போட்டியாளர்கள் அணியும் விறைப்பான கோட்டும் கால்சட்டையும் முதல் வருடத்தில் வாங்க வேண்டியவை அல்ல. வளரும் பிள்ளைக்கு வாங்கினால் அடுத்த வருடம் போதாது.

ஆகவே பத்தாயிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் பக்கத்து ரேஞ்சுக்குப் போய் மூன்று மாதம் அவர்கள் ரைபிளில் சுட்டுப் பாருங்கள். அதற்குள் தோளும் பொறுமையும் ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் சுவரில் தொங்கவிட ஒரு ரைபிள் வாங்கும் செலவு மிச்சம். ஒத்துவந்தால், எதை வாங்குவது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.