இரவல் கொடுத்தலும் வாங்குதலும்

ஆங்கிலத்தில் 'லெண்ட்', 'பாரோ' என்னும் இரு வினைகளும் இரவலையோ கடனையோ பற்றியன. ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நில்லாது. முன்னது கொடுப்போன் செயல். பின்னது வாங்குவோன் செயல்.

தமிழில் 'இரவல்' என்னும் பெயர் இருவர்க்கும் பொது. அதனோடு சேரும் 'கொடு', 'வாங்கு' என்பனவே திசையைக் காட்டும். ஆங்கிலத்திலோ திசை வினைக்குள்ளேயே அடங்கியுள்ளது. இதனை உணராத மாணவன், 'பேனா இரவல் கொடு' என எண்ணி, 'பாரோ மீ யுவர் பென்' என்கிறான். மலாய்ப் பேச்சு வழக்கில் 'பிஞ்சாம்' என்னும் ஒரே சொல் இரு பொருளிலும் வழங்குதல் இம்மயக்கத்தை வளர்க்கும்.

திருத்தும் வழி வேற்றுமையில் உள்ளது. 'லெண்ட்' நான்காம் வேற்றுமைப் பொருளை ஏற்கும்: 'லெண்ட் மீ யுவர் பென்', அஃதாவது 'எனக்கு'. 'பாரோ'வில் வாங்குவோனே எழுவாய்; கொடுப்போனைச் சுட்டின், நீங்கற்பொருள் தரும் 'ஃப்ரம்' வரும்: 'ஐ பாரோ எ பென் ஃப்ரம் ஹிம்', அஃதாவது 'அவனிடமிருந்து'.

ஆகவே, பிழையைச் சிவப்பு மையால் அடிப்பதோடு ஆசிரியர் அமையலாகாது. 'யாருக்கு? யாரிடமிருந்து?' என வினவினால் மாணவன் தானே தெளிவான். தமிழ் இலக்கணம் ஆங்கிலக் கல்விக்குத் தடையன்று, அதுவே கைவிளக்கு.