கடியின் எடை

மின்சாரம் போயிருந்த ஒரு ராத்திரி. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா, நடையில் படுத்திருந்த எங்கள் நாய் செவலையின் வாலை இருட்டில் முழுப் பாரத்தோடு மிதித்துவிட்டார். ஒரே ஒரு அலறல். டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். செவலை சுவரோரம் ஒடுங்கி நின்று மூக்கை நக்கிக்கொண்டிருந்தாள். அம்மா கணுக்காலைத் தடவிக்கொண்டே, "புடிச்சிருச்சு" என்றார். வெளிச்சம் அடித்து எவ்வளவு தேடியும் ஒரு கீறல்கூட இல்லை. எச்சில் ஈரம் மட்டும் இருந்தது.

அந்த வாயின் பலம் எனக்குத் தெரியும். பச்சை நல்லி எலும்பை உடைத்து உள்ளே இருக்கும் மஜ்ஜையை எடுத்துவிடுகிற வாய். அன்று அவளுக்கு வலித்தது, திரும்பினாள், வாய் கணுக்காலைச் சுற்றி மூடியது, பல் தோலைத் தொட்டது, தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. யோசிக்க அவகாசமே இல்லாத நேரம் அது. தாடை நின்றதென்றால், அந்த நிறுத்தம் அதற்கு முன்பே, குட்டியாக இருந்தபோதே, தாடைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீர்வதில்லை.

நாயின் வாய் செய்வதற்குத் தமிழில் ஒரு சொல் போதவில்லை. தாய் நாய் குட்டியைக் கவ்விக்கொண்டு போனது என்போம். கடித்துக்கொண்டு போனது என்று யாரும் சொல்வதில்லை. கவ்வினால் காயமில்லை. கடித்தால் பல் பதியும். பிடுங்கினால் சதை போகும். குதறினால் ஆளைப் பிழைக்க வைப்பதே பாடு. ஒரே தாடை, ஒரே பற்கள். இறங்குகிற பாரம்தான் வேறு. பிரிட்டனில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் இயன் டன்பார் நாய்க்கடிகளை ஆறு நிலைகளாகப் பிரித்தபோது ஏறக்குறைய இதே அளவுகோலைத்தான் கையில் எடுத்தார். முதல் நிலையில் நாய் பாய்கிறது, பல் படுவதில்லை. இரண்டாவதில் பல் படுகிறது, தோல் துளைபடுவதில்லை. மூன்றாவதில் துளை விழுகிறது, ஆனால் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டுவதில்லை. நான்காவதில் தாண்டிவிடுகிறது. ஆறாவது நிலை மரணம். நாய் எவ்வளவு உறுமியது, எவ்வளவு கோபமாக இருந்தது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வருவதில்லை. பல் எவ்வளவு ஆழம் போனது என்பதுதான் கணக்கு. செவலை அன்று காட்டியது இரண்டாம் நிலை.

நாய்க்குட்டி பல் இல்லாமல் பிறக்கிறது. கண்ணும் மூடியிருக்கும், காதும் அடைத்திருக்கும். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரத்தில் பால் பற்கள் முளைக்கத் தொடங்கி, மொத்தம் 28 வருகின்றன. அவற்றைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஊசி தோற்றுவிடும். பெரிய நாயின் பல்கூட அவ்வளவு கூர்மையாக இருக்காது. ஆனால் அந்தப் பற்களைத் தாங்கியிருக்கும் தாடை வலுவற்றது. பிஸ்கட்டைக் கடிக்கவே சிரமப்படும். தாய்ப்பாலும் ஊறிய சோறும் தின்கிற வயதில் இத்தனை கூர்மை எதற்கு?

டன்பார் இதற்குச் சொல்லும் விளக்கம் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. கூரான பல்லும் பலமில்லாத தாடையும் சேர்ந்தால் வலி இருக்கும், பெரிய சேதம் இருக்காது. குட்டி கடிக்கிற ஒவ்வொரு முறையும் எதிரில் இருப்பவர் கத்துவார், விலகுவார், ஆட்டத்தை நிறுத்துவார். எந்த அளவு அழுத்தினால் என்ன நடக்கிறது என்று குட்டி நூற்றுக்கணக்கான தடவை சோதித்துப் பார்த்துக்கொள்கிறது. தாடை பலப்படுவதற்குள் பாடம் முடிந்துவிட வேண்டும். நான்கு மாத வாக்கில் பால் பற்கள் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்தில் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அதன் பிறகு தப்பாகப் போகிற ஒரு கடிக்கு விலை மிக அதிகம்.

முதல் ஆசிரியை தாய்தான். பல் முளைத்த குட்டிகள் மடியில் முட்டும்போது அவளுக்கு வலிக்கிறது. அதுவரை படுத்துக் கொடுத்தவள் எழுந்து நிற்கிறாள். பிறகு குட்டிகள் தொங்கத் தொங்க நடந்துவிடுகிறாள். பால்குடி மறக்கடிப்பது என்று நாம் சொல்வதற்குள்ளே இந்தப் பாடமும் அடங்கியிருக்கிறது: பல் அழுந்தினால் பால் போய்விடும். அடுத்தது கூடப் பிறந்தவர்கள். இரண்டு குட்டிகள் கட்டிப் புரள்வதைச் சற்று நேரம் நின்று பாருங்கள். ஒன்று காதை அழுத்திக் கடிக்கும். கடிபட்டது வீலென்று கத்திவிட்டு விலகிப் போகும். கடித்தது ஒரு நொடி திகைத்து நிற்கும், பிறகு முன்னங்கால்களை நீட்டித் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கும். அமெரிக்க விலங்கியலாளர் மார்க் பெகாஃப் இந்த வணக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 1995இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஒன்று தெரியவந்தது. கடித்துக்கொண்டே தலையை உதறுவது இரையைக் கொல்லும் அசைவு. விளையாட்டில் அப்படிக் கடிப்பதற்குச் சற்று முன்போ பின்போதான் இந்த வணக்கம் அடிக்கடி வருகிறது. எங்கே அர்த்தம் மாறிப்போகக் கூடுமோ அங்கே நாய் நிறுத்தக்குறி போடுகிறது.

இந்தப் பள்ளிக்கூடம் நெடுநாள் திறந்திருப்பதில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியை வாரம் வாரமாகப் பல ஆண்டுகள் குறித்து வைத்தார்கள். அங்கேயே டேனியல் ஃப்ரீட்மனும் கூட்டாளிகளும் குட்டிகளை வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பே இல்லாமல் வளர்த்து, வெவ்வேறு வயதில் மனிதர்களிடம் கொண்டுவந்தார்கள். அந்த ஆய்வு 1961இல் வெளியானது. பதினான்கு வாரம் வரை மனிதரைப் பார்க்காத குட்டிகள் காட்டு விலங்கு போலவே நடந்துகொண்டன. பிறகு எவ்வளவு பழகியும் அவை இணங்கவில்லை. மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனக்கதவு அகலத் திறந்திருக்கிறது. யார் உறவு, எது ஆபத்து, எவ்வளவு கடிக்கலாம் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன.

நம் ஊரில் முப்பது நாளிலேயே குட்டியைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது என்று இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அது வெறும் காகித விதி என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த நான்கு வாரம் குட்டியின் பள்ளிப் பருவம். செவலை விஷயத்தில் எங்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த மனையில் மணல் குவியலுக்குப் பின்னால் பிறந்தவள் அவள். தாய் லாரியில் அடிபட்டுப் போனாள். முப்பத்தைந்து நாள் குட்டியாகச் செவலை அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தாள். பாதியில் நின்ற பாடத்தை எங்கள் கைகள்தான் நடத்தி முடிக்க வேண்டியிருந்தது.

முதல் இரண்டு வாரம் எங்கள் வீட்டில் எல்லாருடைய விரலிலும் சிவப்புப் புள்ளிகள். அம்மாவின் சேலைக் கொசுவம், என் லுங்கியின் ஓரம், மகளின் கால் கட்டைவிரல் எதையும் விடவில்லை. ஆடுகிற எதுவும் அவளை இழுத்தது. ஓடுவதைத் துரத்து, துரத்தியதைப் பிடி என்று மூதாதை ஓநாய் எழுதிவைத்த வரி அது. மகள் கத்திக்கொண்டு ஓட, செவலைக்குக் குஷி கூடியது. "ஓடாதே, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில்" என்று சொல்லிக் கொடுத்தோம். ஆடாத மரத்தில் குட்டிக்கு என்ன சுவாரஸ்யம்? சற்று நேரத்தில் விட்டுவிட்டுப் போனாள்.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மூக்கில் ஒன்று போடு என்றார் ஒருவர். மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடி, யார் தலைவன் என்று தெரியட்டும் என்றார் இன்னொருவர். இந்தத் தலைவன் கதைக்கு ஒரு வரலாறு உண்டு. 1947இல் விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல், அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து, அவை பதவிக்காக ஓயாமல் மோதிக்கொள்வதாக எழுதினார். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. பிறகு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைக்காலம் நேரில் பார்த்த அதே மெக், 1999இல் அதை மறுத்தார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தகப்பனும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பம்தான். தன் பேராலேயே பரவிய கருத்தைத் திருத்த முன்வந்த அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அடிப்பதால் நேரும் கேடு வேறு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெகன் ஹெரனும் மற்றவர்களும் நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அடித்தோ உதைத்தோ திருத்த முயன்றவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் எதிர்த்துச் சீறியது அல்லது கடித்தது. மல்லாக்க அமுக்கியவர்களில் 31 சதவீதம் பேருக்கு அதே கதி. மூக்கில் அடிபட்ட குட்டி கடியின் அளவைக் கற்றுக்கொள்வதில்லை. தன்னை நோக்கி வரும் கை ஆபத்தானது என்று கற்றுக்கொள்கிறது.

நாங்கள் செய்தது தாய் நாய் செய்ததுதான். செவலை மெல்லக் கவ்வினால் ஆட்டம் தொடரும். பல் அழுந்தியதோ, "ஆ!" என்று ஒரு சொல், எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். இருபது எண்ணுகிற நேரம். பிறகு ஒன்றும் நடக்காதது போல் திரும்பி வந்து உட்காருவோம். சத்தம் கேட்டுச் சில குட்டிகள் அடங்கும், சில இன்னும் துள்ளும். செவலை துள்ளுகிற சாதி. அதனால் சத்தத்தைக் குறைத்து, விலகிப் போவதை மட்டும் விடாமல் செய்தோம்.

முதலில் பாரத்தைக் குறை, எண்ணிக்கையைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்பது டன்பாரின் வரிசை. இது பலருக்குத் தலைகீழாகத் தோன்றும். குட்டி வாயே வைக்கக் கூடாது என்று முதல் நாளே அடக்கிவிட்டால், எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பது அதற்குத் தெரியாமலே போய்விடும். பிறகு ஒருநாள் இருட்டில் வாலை மிதித்தால்? அந்தத் தாடைக்கு முழுக்கடி ஒன்றுதான் தெரியும். ஆகவே முதலில் வலிக்கிற கடிக்கு மட்டும் விலகினோம். அது நின்றதும், பல் படுகிற கடிக்கு விலகினோம். அதுவும் நின்றபோது, வாயில் பதமாகக் கை இருந்தாலே எழுந்துவிட்டோம். நனைத்து முடிச்சுப் போட்ட பழைய பருத்தித் துண்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுத்தால், ஈறு நமைச்சலுக்கு இதமாக அதைக் கடித்துக்கொண்டு கிடப்பாள்.

நடுவில் இரண்டு தடங்கல்கள் வந்தன. நான்காம் நாள் கடி குறைவதற்குப் பதில் கூடியது. வழக்கமாகப் பலன் தந்த ஒன்று திடீரென்று பலன் தராவிட்டால், கைவிடும் முன் உயிர் அதை இன்னும் பலமாக முயன்று பார்க்கும். எரியாத ஸ்விட்சை நாலு தடவை தட்டிப் பார்க்கிற நம் விரலும் அதைத்தான் செய்கிறது. இந்த இடத்தில் மனம் தளர்ந்து விட்டுக்கொடுப்பவர்கள்தான் அதிகம். இரண்டாவது, என் மைத்துனர். ஞாயிறுதோறும் வந்து வெறுங்கையாலேயே அவளோடு மல்லுக்கட்டுவார். எப்போதாவது கிடைக்கிற பலன், எப்போதும் கிடைப்பதைவிட ஆழமாக வேரூன்றும் என்பது உளவியலாளர் ஸ்கின்னர் காலத்திலிருந்தே அத்துறையினர் அறிந்த செய்தி. ஆறு நாள் பாடத்தை ஒரு ஞாயிறு அழித்தது. அவர் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, "இனி இதை வைத்து இழுங்கள், மாப்பிள்ளை" என்று கெஞ்சிக் கேட்ட பிறகுதான் வழிக்கு வந்தது.

இன்னொன்றும் கவனித்தோம். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அவள் பிசாசு பிடித்தவள் போல் கடிப்பாள். குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரைகூடத் தூங்க வேண்டியவை. விருந்தாளிகளும் குழந்தைகளும் தூக்கித் தூக்கிக் கொஞ்சிய நாளில் அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை. அழுது அடம்பிடிக்கும் கைக்குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல, ஒரு மூலையில் சாக்கை விரித்து அவளை விட்டோம். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

இதை இங்கே சொல்லாமல் போனால் என் மனம் ஒப்பாது. குட்டிதானே என்று எந்தக் கீறலையும் விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் வயது பார்ப்பதில்லை. தெருவிலிருந்து வந்த குட்டியிடமும் அது இருக்கலாம். குட்டிக்கே ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள். தோல் கிழிந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வேண்டாம். 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்குப் போட்ட ஊசியின் வழி வந்த மருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இலேயே தொடங்கிவிட்டது. அறிகுறி தெரிந்த பிறகு வந்தால் எந்த மருந்தும் உதவாது. செவலை வந்த வாரம் நாங்கள் எல்லாருமே ஊசி போட்டுக்கொண்டோம்.

நாலரை மாதம் இருக்கும். ஒரு காலையில் கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்த மகள், "அப்பா, ரத்தம்!" என்று பதறினாள். கயிற்று முடிச்சில் ஒரு சிவப்புப் பொட்டு, அதன் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு பல். பொதுவாகக் குட்டிகள் விழுந்த பல்லை விழுங்கிவிடும். கண்ணில் படுவது அபூர்வம். மகள் அதை உள்ளங்கையில் வைத்து முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். இன்னும் குத்தியது. பிறகு வாசலில் இறங்கி, தன் பால் பல்லை எறிந்த அதே ஓட்டுக்கூரை மேல் அதையும் எறிந்தாள். செவலை தலையைச் சாய்த்து அது போன திசையைப் பார்த்துவிட்டு, மகளின் வெறுங்கையை நக்கினாள்.