பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல்: சட்டம் இடம்தராத கலன்

வடசென்னையில் கல்மண்டபம் தொடங்கித் திருவொற்றியூர் வரை, ஸ்கூட்டரின் முன்தளத்தில் பழைய தண்ணீர் கேனை வைத்து, அதைக் கீழே இறக்காமலேயே பெட்ரோல் பிடித்துச் செல்வது, எண்ணெய்க் கிடங்குகள் நிறைந்த தண்டையார்பேட்டைக்கும் கொருக்குப்பேட்டைக்கும் இவ்வளவு அருகில் வாழ்வோரிடமும் கேட்பாரற்ற வழக்கமாகவே நீடிக்கிறது. தீக்குச்சி உரசாதவரை ஆபத்தில்லை என்பது அவர்களது நம்பிக்கை.

குழாயில் வேகமாகப் பாயும் பெட்ரோல் மின்னூட்டம் பெறுகிறது. தரையில் வைத்த உலோகக் கலனில் அது மண்ணுக்குள் வடிந்துவிடும், மின்கடத்தாப் பிளாஸ்டிக்கிலோ வடிய வழியின்றித் தேங்கும். மின்னூட்டமற்ற பொருள் என்பது நேர், எதிர் மின்னூட்டங்களைச் சம அளவில் கொண்டதே என்பதால், அத்தகைய விரலோ நாசிலோ கேனை நெருங்கும்போது, அதன் எலக்ட்ரான்கள் இடம்பெயர்ந்து, கேனை நோக்கிய பக்கத்தில் மாற்று மின்னூட்டம் திரள்கிறது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதும் இத்தகைய தூண்டலால்தான். இடைவெளியின் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டை எட்டினால் பொறி பறக்கும். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலுக்கும் குறைந்த ஆற்றலே போதும். கடற்காற்றின் ஈரம் காப்பாற்றும் என்பதும் வீண் எண்ணமே, ஏனெனில் அது கேனின் வெளிப்புறத்தோடு நின்றுவிடுகிறது.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், 8ஆவது பிரிவில், விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் கலன் இறுக மூடியதாகவும், கண்ணாடி அல்லது பீங்கான் எனில் 1 லிட்டருக்கும், உலோகம் எனில் 25 லிட்டருக்கும் மேற்படாததாகவும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் அப்பட்டியலில் இல்லை. பெட்ரோல் பங்கில் இதைக் கவனிக்காமல், மணல் வாளி தொங்குகிறதா என்று மட்டும் பார்த்துத் திரும்பும் ஆய்வு எதற்கும் உதவாது.

ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் வாங்குவோர், உலோகக் கேனைத் தரையில் வைத்து, நாசில் அதன் வாயைத் தொட்டபடியே இருக்க, மெதுவாக நிரப்பச் சொல்ல வேண்டும். வண்டியின் மேல் வைத்து நிரப்பக் கூடாது. உலோகக் கேனானாலும் கூடாது. தீப்பற்றினால் நாசிலைப் பிடுங்காமல், அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தச் சொல்லி விலக வேண்டும்.

விதிமீறலைக் காண்போர் பங்கின் புகார்ப் புத்தகத்தில் தேதி, நேரம், பம்ப் எண் ஆகியவற்றுடன் எழுதி, அப்பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். வாய்ச்சொல்லாகச் சொன்ன புகார் புகாரே அன்று. எழுதிய புகாரின் நகலை, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தென்மண்டல அலுவலகத்துக்கு, அதாவது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் உள்ள வெடிபொருள் இணைத் தலைமைக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு, விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால், அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் அஞ்சல் ஆணையுடன், புகார்மீது எடுத்த நடவடிக்கையைக் கேட்டு 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் அவர் எழுத்தில் பதிலளித்தாக வேண்டும்.