மஞ்சள் காரைத்தான் போலீஸ் நிறுத்துமா?

“கலர் வண்டி வேணாம்ப்பா. ரோட்டுல போனா போலீஸ்காரன் கண்ணுல அதுதான் முதல்ல படும்.”

கார் ஷோரூமில் குடும்பமாக நின்று நிறம் தேர்ந்தெடுக்கும்போது வீட்டுப் பெரியவர் ஒருவராவது இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். பிள்ளைகள் சிவப்பையும் ஆரஞ்சையும் காட்டுவார்கள். கடைசியில் வாசலில் வந்து நிற்பது வெள்ளையாக இருக்கும். வெள்ளைக்கு நியாயங்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் கொஞ்சம் சூடு குறைவு, விற்கும்போது ஆள் சீக்கிரம் கிடைப்பார். அந்த நியாயங்களோடு போலீஸ் பயமும் எப்போது வந்து உட்கார்ந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் திருச்சியில் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராகக் காலம் தள்ளியவன். மோதிய வண்டியைப் போய்ப் பார்ப்பது, சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுப்பது, டிங்கரிங் பட்டறையில் நின்று ‘இந்தக் கதவைத் தட்டி எடுத்துடலாம், புதுசு வேணாம்’ என்று மல்லுக்கு நிற்பது, ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகலுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, இதுதான் பிழைப்பு. அதனால் கார் பெயிண்டையும் போலீஸையும் கிட்டத்தில் இருந்து பார்க்க வாய்த்தது.

அக்கா மகள் வேலைக்குச் சேர்ந்த கையோடு மஞ்சள் கார் எடுக்கப் போகிறேன் என்றாள். அக்கா எனக்கு போன் போட்டு, “தம்பி, நீயாவது சொல்லுடா. பொம்பளப் புள்ள தனியா ஓட்டப் போறா. சிக்னலுக்கு சிக்னல் நிறுத்துவான். இன்ஷூரன்ஸும் ஜாஸ்தி ஆவுமாமே?” என்றார்.

இன்ஷூரன்ஸ் கேள்வியை அங்கேயே முடித்துவைத்தேன். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம், 1000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ₹2,094, அதற்கு மேல் 1500 சி.சி. வரை ₹3,416, அதையும் தாண்டினால் ₹7,897, வரி தனி. சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்துக்கு வண்டியின் மதிப்பு, வயது, இன்ஜின், பதிவான ஊர் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சென்னை வண்டிக்கு ஒரு மண்டலம், திருச்சி வண்டிக்கு வேறு. நிறத்துக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. சிவப்புக் காருக்குக் கூடுதல் பிரீமியம் என்ற பேச்சு அமெரிக்காவில் வெகுகாலமாக இருப்பது. அங்கேயும் கம்பெனிகள் நிறத்தைக் கேட்பதில்லை.

போலீஸ் விஷயத்துக்கு ஆள் பக்கத்திலேயே இருந்தார். எங்கள் தெருவில் டிராஃபிக்கில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். பால்பண்ணை, மன்னார்புரம் என்று சந்திப்புகளில் வெயிலில் நின்றே முடி நரைத்தவர். அவரிடம் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

“கலரை எவன் சார் பாக்குறான்? பெல்ட் போட்டிருக்கானா, காதுகிட்ட கை இருக்கா, நம்பர் பிளேட்டு ஒழுங்கா எழுதியிருக்கா, கண்ணாடி கருப்பா இருக்கா, இதைப் பாக்கவே நேரம் பத்தாது. எங்களைப் பாத்ததும் ஒருத்தன் படக்குன்னு பிரேக் போட்டு சந்துல திரும்பப் பாப்பான் பாருங்க, அவனைத்தான் ஓரங்கட்டச் சொல்லுவேன்.”

கருப்புக் கண்ணாடியை அவர் குறிப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. கார் கண்ணாடிகளில் ஒட்டும் கருப்பு ஃபிலிமுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரலில் உத்தரவிட்டது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. தூரத்தில் வரும் காரில் ஆள் தெரியவில்லை என்றால் கை தானாக நீள்கிறது. அது வெள்ளைக் காராக இருந்தாலும் சரி, கிளிப்பச்சையாக இருந்தாலும் சரி.

அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. மனிதக் கண் பகல் வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தைத்தான் மிக எளிதாக வாங்கிக்கொள்கிறது. பத்து வெள்ளைக் கார்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கார் வேகமாக வந்தால் பார்வை அங்கே போகத்தான் செய்யும். போலீஸ்காரரின் கண்ணும் கண்தானே. ஆனால் பார்ப்பது வேறு, நிறுத்துவது வேறு. நிறுத்துவதற்கு ஏதாவது ஒரு தப்பு வேண்டும், அல்லது தப்பு இருப்பதாக ஒரு சந்தேகமாவது வேண்டும். வெள்ளைக் காரில் போய் அபராதம் கட்டியவர் ‘இன்னிக்கு நேரம் சரியில்லை’ என்று மறந்துவிடுகிறார். சிவப்புக் காரில் போனவர் பழியை நிறத்தின் மேல் போட்டு, பத்து வருடத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூனை குறுக்கே போன நாளில் நடந்த கெட்டது மட்டும் ஞாபகத்தில் தங்குவது மாதிரி.

ராத்திரிக் கதை இன்னும் எளிது. குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்க இரவில் தடுப்பு வைத்து நிற்கும்போது, எதிரே வருவது இரண்டு ஹெட்லைட் மட்டும்தான். பழைய சோடியம் விளக்கு இருக்கிற சாலையென்றால் பக்கத்தில் வந்த பிறகும் சிவப்பு பழுப்பாகவும், நீலம் கருப்பாகவும்தான் தெரியும். ஸ்பாட் சர்வேக்காக இரவில் போய் ‘கருநீலம்’ என்று குறித்துக்கொண்ட வண்டி, காலையில் பச்சையாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது சாலையில் நிற்கும் போலீஸ்காரரைவிட மேலே தொங்கும் கேமராவுக்குத்தான் வேலை அதிகம். சிக்னலில் இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கிறது. வேகத்தை அளக்கும் கருவி வேகத்தை மட்டும் அளக்கிறது. சென்னையில் கார்களுக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் என்று 2023 நவம்பரில் உச்ச வேகம் வைத்தார்கள். அறுபத்தைந்தில் போனால் எந்த நிறமும் காப்பாற்றாது, எந்த நிறமும் காட்டிக்கொடுக்காது.

நிறம் காப்பாற்றுகிற இடம் ஒன்று உண்டு. உங்கள் நம்பரைப் போலியாக எழுதிக்கொண்டு வேறு ஊரில் யாரோ ஒருவன் சுற்றுவான். அபராதச் செலான் உங்கள் போனுக்கு வரும். நீங்கள் அந்த ஊருக்கே போயிருக்கமாட்டீர்கள். செலானோடு வரும் போட்டோவைத் திறந்து பாருங்கள். அதில் இருப்பதும் வெள்ளை, உங்களுடையதும் வெள்ளை, மாடலும் ஒன்று என்றால் நிரூபிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். உங்களுடையது ஆரஞ்சு என்றால் ஒரு மனுவும் ஒரு போட்டோவும் போதும். இதே காரணத்தால்தான் திருடப் போகிறவன் ஆரஞ்சு காரில் போவதில்லை. எங்காவது சங்கிலி பறிப்போ ஆள் கடத்தலோ நடந்து, ‘வெள்ளை கலர் கார், நம்பர் தெரியவில்லை’ என்று கன்ட்ரோல் ரூமிலிருந்து மைக்கில் வந்துவிட்டால், அந்த வழியில் போகிற வெள்ளைக் கார்க்காரர்கள் எல்லோரும் டிக்கியைத் திறந்து காட்ட வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் ஊரில் வண்டியை நிறுத்துவதா விடுவதா என்பதில் நிறத்தைவிட மற்ற அடையாளங்களுக்கு மரியாதை அதிகம். பானட்டில் கொடி பறக்கும் பெரிய வெள்ளை எஸ்.யூ.வி.யை மறிக்கத் தயங்கும் கை, பழைய மாருதியை மறிக்கத் தயங்காது. வி.ஐ.பி. கார்களின் சுழல் விளக்குகளை 2017 மே 1 முதல் மத்திய அரசு எடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு அந்த வேலையை ஸ்டிக்கர்கள் செய்யத் தொடங்கின. ‘போலீஸ்’, ‘பிரஸ்’, ‘அட்வகேட்’ என்று உரிமையில்லாமல் ஒட்டியவர்கள் மீது சென்னைப் போக்குவரத்து போலீஸார் 2024 மே 2 முதல் நடவடிக்கை எடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம்தான். கொடிகளுக்கும் ஒருநாள் அதே கறார் வரட்டும்.

இனி, நிறமே வம்பாகிற இடங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி ராணுவத்தின் ஆலிவ் பச்சையை வேறு யாரும் தங்கள் வண்டிக்கு அடிக்கக் கூடாது. பழைய ஜீப் வாங்கும் இளைஞர்களுக்கு அந்த நிறத்தின் மேல்தான் ஆசை வரும். கேரளத்தில் 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரி அருகே ஒரு சுற்றுலா பஸ் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே ஒப்பந்த பஸ்கள் எல்லாம் வெள்ளைக்கு மாற வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். நட்சத்திர முகங்களும் தீப்பிழம்புகளும் வரைந்த பஸ்களை அதிகாரிகள் தேடித்தேடிப் பிடித்தது அப்போதுதான்.

சாதாரணக் கார்க்காரர் மாட்டுவது ஆர்.சி.யில். அதில் நிறம் என்று ஒரு வரி இருக்கிறது. கம்பெனி வைத்த பெயரே அங்கே ஏறியிருக்கும்: ‘சிஸ்லிங் ரெட்’, ‘டைஃபூன் சில்வர்’ என்று. சில்வர் காரை செகண்ட்ஹேண்டில் வாங்கி, பட்டறையில் விட்டு ரத்தச் சிவப்பாக்கிவிட்டு, ஆர்.சி.யை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் ஏராளம். சோதனையில் ஆர்.சி.யை வாங்கிப் பார்க்கும் போலீஸ்காரருக்கு அது திருட்டு வண்டியாகத் தெரிந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்கிறது. நானும் என் பங்குக்கு, ஆர்.சி. நிறமும் வண்டி நிறமும் ஒத்துப்போகவில்லை என்றால் அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும். அதன்பின் கம்பெனி கேட்கும் கேள்விகளுக்கு வண்டிக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். மறைக்கவும் முடியாது. கதவு விளிம்பில், பானட்டுக்கு அடியில் பழைய நிறம் எட்டிப்பார்க்கும்.

இதே சிக்கல் அமெரிக்காவில் கோர்ட் படி ஏறியிருக்கிறது. 2010இல் ஃப்ளோரிடாவில் ஒரு போலீஸ் அதிகாரி பளிச்சென்ற பச்சை நிற செவர்லே காரைப் பார்த்தார். நம்பரைக் கணினியில் போட்டால் பதிவில் ‘நீலம்’ என்று வந்தது. வேறு எந்த விதிமீறலும் இல்லை, வண்டி திருடுபோனதாகப் புகாரும் இல்லை. நிறுத்திச் சோதித்தார், உள்ளே போதைப்பொருள் இருந்தது. ஆனாலும் 2014இல் ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம், நிறம் மாறியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நிறுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. நிறம் மாற்றினால் தெரிவிக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டமே இல்லை. அடுத்த ஆண்டே ஆர்கன்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் இதேபோன்ற வழக்கில் நிறுத்தியது சரி என்றது. ஃப்ளோரிடாக்காரருக்குக் கிடைத்த வாதம் இங்கே நமக்குக் கிடைக்காது, இங்கே நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டுமே.

அக்காவிடம் நான் கடைசியாகச் சொன்னது போலீஸைப் பற்றியே இல்லை. சிங்கப்பூரில் ஒரே நிறுவனக் குழுமத்தின் மஞ்சள் டாக்சிகளையும் நீல டாக்சிகளையும் ஒப்பிட்டு, 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. மாதத்துக்கு ஆயிரம் நீல டாக்சிகளில் சராசரியாக 71.7 விபத்துகள், மஞ்சளில் 65.6. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் காரைவிடக் கருப்புக் காருக்கு விபத்து அபாயம் 12 சதவீதம் அதிகம். சாம்பலுக்கு 11, வெள்ளிக்கு 10. ‘ரிச்சா இருக்கும்’ என்று எல்லோரும் ஓடுகிற நிறங்கள் இவைதான். தார் ரோட்டின் நிறத்திலேயே ஒரு காரை வாங்கி, மார்கழிப் பனியில் லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? கண்ணில் பட்டுவிடுவோமோ என்று பயந்துகொண்டே ஒதுக்கும் நிறம், கண்ணில் படுகிறது என்பதற்காகவே வாங்க வேண்டிய நிறம்.

“மாமா, அப்ப மஞ்சளே எடுத்துடவா?” என்றாள் அக்கா மகள். எடு என்றேன். எடுத்துவிட்டாள்.

அதனால் புதுக் கார் எடுப்பவர்கள் பிடித்த நிறத்தைத் தயங்காமல் எடுங்கள். பழைய காருக்குப் புது நிறம் அடிக்க நினைப்பவர்கள் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதிக்கு எழுதிக்கொடுங்கள். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சான்றும் வேண்டும். அடித்த பின் வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் ஏற்றிவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடுங்கள். ஏற்கெனவே அடித்துவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இந்த வாரமே போய்வாருங்கள்.