வாளியும் சவளும் கொண்டு வாருங்கள்

உங்கள் பேஸ்மென்ற் மூலையில் உறைந்துபோன பெயின்ற் தகரமும், ஓடாத வானொலியும், ஒரு போத்தல் நிறையத் தீர்ந்த பற்றரிகளும் கிடக்கின்றனவா? குப்பைத்தொட்டியில் போட்டுவிடாதீர்கள், நேயர்களே.

ரொறன்ரோ மாநகராட்சி வட்டாரந்தோறும் சுற்றாடல் நாள் நடத்துகிறது. கட்டணம் இல்லை. இவற்றை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். வீட்டுப் பொருட்கள் மட்டுந்தான், கடைக்கழிவு எடுக்கமாட்டார்கள்.

ஆனால் நம்மவர் பலரை அங்கே இழுப்பது இன்னொன்று: இலவச உரம். இலையுதிர்காலத்தில் வீட்டு வாசலில் கடதாசிப் பைகளில் கட்டி வைத்தோமே சருகு, அதுதான் மக்கிக் கறுத்த மண்ணாகத் திரும்பி வருகிறது. குவியலில் இருந்து நீங்களேதான் அள்ள வேண்டும். வாளியும் சவளும் மறந்து போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். வெண்டிக்கும் பச்சை மிளகாய்க்கும் இதைவிட மலிவான உரம் கிடையாது.

சரி, குப்பைத்தொட்டியில் போடுவது எங்கே போகிறது தெரியுமா? முன்பு நகரக் குப்பை போன கீல் வாலி குப்பைமேடு 2002இல் மூடப்பட்ட பின், அது 2010 வரை எல்லை தாண்டி மிச்சிகனுக்கு லொறியில் போனது. இப்போது லண்டனுக்கு அருகில் உள்ள கிறீன் லேன் குப்பைமேட்டுக்குப் போகிறது. இங்கிலாந்து லண்டன் அல்ல, ஒன்ராறியோ லண்டன்! அதுவே இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர்.

உங்கள் வட்டாரத்தில் எந்த நாள் என்று அறிய 311க்கு அழையுங்கள்.