மரபிழையும் மருந்தும்

நோயுற்றோர் உண்ணும் மருந்து உடலினுள் சென்று யாது செய்கின்றது? சில மருந்துகள் நோய்க்கிருமிகளின் புறச்சுவரைச் சிதைக்கின்றன. வேறு சில, உயிரணுவின் உட்புகுந்து, அங்குள்ள மரபிழையையே பற்றிக்கொள்கின்றன. அறிவியலார் டி.என்.ஏ. என வழங்கும் பொருளையே ஈண்டு மரபிழை என்கிறோம். மிகச் சிறிய மருந்து மூலக்கூறு, தன்னினும் பன்மடங்கு நீண்ட அவ்விழையைப் பற்றும் விதம் அறிந்து மகிழத்தக்கது.

முதற்கண் மரபிழையின் அமைப்பை அறிதல் வேண்டும். 1953-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் நகரில் ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிரிக் என்னும் இருவர் அதனை விளக்கினர். ரோசலிண்ட் பிராங்க்ளின் என்னும் அம்மையார் நடத்திய எக்ஸ்-கதிர் ஆய்வு அதற்குப் பெருந்துணையாயிற்று. மரபிழை முறுக்கிய நூலேணி போன்றது. அதன் இருபுறக் கயிறுகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி இணைந்து ஆனவை. படிகளோ, அடினைன் தைமினுடனும், குவானைன் சைட்டோசினுடனும் சேர்வதால் அமைந்தவை. இந்நான்குமே மரபிழையின் எழுத்துகள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே உள்ள தொலைவு 3.4 ஆங்ஸ்ட்ராம். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறாக்கினால், அவற்றுள் ஒரு கூறே ஓர் ஆங்ஸ்ட்ராம் ஆகும். ஏணி முறுக்குண்டிருப்பதால், அதன் புறத்தே அகன்ற பள்ளம் ஒன்றும் குறுகிய பள்ளம் ஒன்றும் சுற்றிச் சுற்றிச் செல்கின்றன.

இவ்வேணியை மருந்துகள் பெரும்பாலும் மூன்று வகையாகப் பற்றுகின்றன.

முதல் வகை, பள்ளத்தில் படிதல். நெட்ராப்சின் என்னும் பொருளின் மூலக்கூறு பிறை போல் வளைந்தது. அஃது உறையினுள் வாள் செறிவது போலக் குறுகிய பள்ளத்தில் பொருந்துகின்றது. எனினும் எவ்விடத்தும் அது பொருந்துவதில்லை. குவானைன் உள்ள படிகளில் அணுக்கூட்டம் ஒன்று பள்ளத்தினுள் துருத்தி நின்று வழிமறிக்கும். ஆதலின் அடினைனும் தைமினும் தொடர்ந்து வரும் இடங்களையே அது நாடுகின்றது. கால்நடைகளின் குருதியில் வாழும் ஒட்டுயிர்களை ஒழிக்கும் டைமினசீன் என்னும் மருந்தும் இவ்வகையினதே.

இரண்டாம் வகை, படிகளிடையே செருகுதல். புரோபிளேவின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் போர்க்காலத்தில் புண்களுக்கு இடப்பட்டது. அதன் மூலக்கூறு தட்டையானது. அது படிகளின் இடையே நுழைகின்றது என்று 1961-ஆம் ஆண்டில் லியனார்டு லெர்மன் என்பார் விளக்கினார். அடுக்கி வைத்த ஏடுகளின் நடுவே மற்றோர் ஏட்டைச் செருகினால் அடுக்கு உயரும் அன்றோ? அவ்வாறே படிகளின் இடைவெளி ஏறக்குறைய இருமடங்காகின்றது, ஏணி நீள்கின்றது, முறுக்கும் தளர்கின்றது. மரபிழை கரைந்த நீர்மம் முன்னினும் குழகுழப்பாவது, இழை நீண்டதற்குச் சான்றாயிற்று. புற்றுநோய்க்கு வழங்கும் செந்நிற மருந்தாகிய டாக்சோரூபிசினும் இங்ஙனமே செருகிக்கொள்கின்றது. முறுக்கை நெகிழ்த்தற்பொருட்டு ஒரு நொதி மரபிழையை வெட்டிப் பின்னர் ஒட்டும். இம்மருந்தோ ஒட்டும் வேலையைத் தடுத்துவிடுகின்றது. வெட்டுண்ட இழையுடைய உயிரணு மடிகின்றது.

மூன்றாம் வகை, அணுவோடு அணுவாகப் பிணைதல். முன்னிரு வகைகளிலும் பற்றிய மூலக்கூறு மீண்டும் விலகக்கூடும். இதிலோ பிணைப்பு எளிதில் அகலாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பார், பாக்டீரியங்கள் வாழும் நீர்மத்தில் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்தார். அவை பிரிந்து பெருகாமல், நீண்ட இழைகளாக வளர்ந்தன. காரணம் மின்சாரம் அன்று. பிளாட்டினத் தகடுகளிலிருந்து கரைந்து வந்த சேர்மமே என்று தெளிந்து 1965-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இதன் வழியே சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து பிறந்தது. அதிலுள்ள பிளாட்டினம் அடுத்தடுத்துள்ள இரு குவானைன்களைச் சேர்த்துப் பிணைக்க, ஏணி வளைந்துவிடுகின்றது. வளைந்த இழையைப் படியெடுக்க இயலாமையால் உயிரணு பெருக மாட்டாது. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு இசைவளித்தது. அதற்குமுன் பலரின் உயிரைக் கவர்ந்த விரைப்புற்றுநோய், இன்று பெரும்பாலும் குணமாகின்றது.

ஆயினும் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. புற்றணுவின் ஏணியும் நல்லணுவின் ஏணியும் அமைப்பில் ஒன்றே. விரைந்து பெருகும் உயிரணுக்களை இம்மருந்துகள் மிகுதியாகத் தாக்குகின்றன. மயிர்க்கால்களிலும் எலும்பு மச்சையிலும் உள்ள நல்லணுக்களும் விரைந்து பெருகுவனவே. ஆகவே நோயாளியின் முடி உதிர்கின்றது; குருதியணுக்கள் குறைகின்றன. டாக்சோரூபிசின் நெஞ்சப்பையையும், சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் கெடுக்கக்கூடும். அதனால் ஒருவர்க்குத் தம் வாழ்நாளில் மொத்தம் எவ்வளவு டாக்சோரூபிசின் தரலாம் என்பதையும் மருத்துவர் கணக்கிட்டே வழங்குகின்றனர்.

எந்த ஏணியைப் பற்றுவது, எதனை விடுவது என்று மருந்துக்குக் கற்பிக்க இயலுமா? நெட்ராப்சினின் பிறை வடிவைப் பின்பற்றி, குறித்த எழுத்துத் தொடரை மட்டும் தேடிப் பற்றும் மூலக்கூறுகளை அறிஞர் அமைத்துள்ளனர். அவை நோயணுவை மட்டும் ஒறுத்து நல்லணுவைக் காக்கும் மருந்துகளாக வளரவேண்டும். அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. அது மாணவராகிய உங்களுக்காகவும் காத்திருக்கின்றது.